ஊசி அட்டை இல்லாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கலாமா?

கேள்வி: 7 செப்டம்பர் 2025, காலை

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலம் பள்ளிக்கூடத்துக்கான தடுப்பூசிக் கட்டாயங்களை எல்லாம் எடுத்துவிடப் போவதாக இந்த வாரம் அறிவித்திருக்கிறது. என் கேள்வி இதற்கு நேர் எதிரானது. ஊசி போடாத பிள்ளைக்குப் பள்ளியில் இடமில்லை என்று தமிழ்நாட்டில் ஏன் சட்டம் கொண்டுவரக் கூடாது? என் பையன் யு.கே.ஜி. படிக்கிறான். அவன் பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கு ஊசி போட்டிருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லையா? பள்ளியில் வேலை பார்ப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

7 செப்டம்பர், இரவு 10 மணி

நான் சொல்கிறேன். 24 வருடமாக ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியை. திருவள்ளூர் மாவட்டம். என் பதில்: சட்டம் வேண்டும், இன்றைக்கே வேண்டும்.

என் அக்கா மகனுக்கு 6 வயதில் ரத்தப் புற்றுநோய். ஒன்றரை வருடம் மருந்து ஏறியது. அந்த மருந்து நோயை மட்டும் கொல்வதில்லை, முன்பு போட்ட ஊசியால் வந்த எதிர்ப்புச் சக்தியையும் அழித்துவிடுகிறது. சிகிச்சை முடியும்வரை தட்டம்மை ஊசியைத் திரும்பப் போடவும் முடியாது, ஏனென்றால் அது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்யும் ஊசி. ஆக, அவனைக் காப்பாற்ற இருந்தது சுற்றி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் உடம்புதான். மருத்துவர் அனுமதித்த பிறகு பள்ளிக்குப் போனான். 11ஆம் நாள் வகுப்பில் ஒரு பிள்ளைக்குத் தட்டம்மை. அந்தப் பிள்ளைக்கு ஊசி போடவில்லை. வீட்டில் வேண்டாம் என்று இருந்துவிட்டார்கள்.

எங்கள் பையன் பிழைத்தான். 19 நாள் ஆஸ்பத்திரி. இப்போது கல்லூரியில் படிக்கிறான். ஆனால் அந்த 19 நாளும் அக்கா முகத்தைப் பார்த்தவள் நான். "என் பிள்ளை, என் முடிவு" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த முகம்தான் நினைவுக்கு வருகிறது.

8 செப்டம்பர், காலை

நேற்று எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். எல்.கே.ஜி. சேர்க்கையில் தடுப்பூசி அட்டை கேட்கிறார்களே, சட்டம் ஏற்கெனவே இருக்கிறதே என்று இங்கே இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது சட்டம் இல்லை, வழக்கம். தனியார் பள்ளிகள் நகல் கேட்கும், நாங்களும் கேட்போம். அட்டை இல்லை என்றால் பிள்ளையைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் யாருக்கும் கிடையாது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்று இல்லை என்பதற்காகக்கூட ஒரு பிள்ளையின் சேர்க்கையை மறுக்க முடியாது.

8 செப்டம்பர், மாலை

ஏன் தட்டம்மையையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்ட தம்பிக்கு: அதுதான் எல்லாவற்றையும்விட வேகமாகப் பரவும். ஒரு பிள்ளை இருமிவிட்டு வகுப்பை விட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை கிருமி அந்த அறைக் காற்றில் இருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத 10 பேர் அங்கே இருந்தால் 9 பேருக்கு ஒட்டிக்கொள்ளும். 100க்கு 95 பேருக்காவது ஊசி போட்டிருந்தால்தான் பரவல் நிற்கும் என்கிறார்கள். 40 பேர் வகுப்பில் 3 பேர் போடாமல் இருந்தாலே அந்த அளவு தவறிவிடுகிறது. பெரியவர்களுக்கு 95 என்றால் நல்ல மதிப்பெண் மாதிரி தெரியும். இங்கே அது பாஸ் மார்க்.

10 செப்டம்பர், புதன்

சட்டம் போட்டால் மட்டும் என்ன நடந்துவிடும் என்று கேட்டவருக்கு, நடந்த கதை ஒன்று.

அமெரிக்காவில் டெக்சார்கானா என்று ஓர் ஊர். ஊரின் நடுவே ஒரு சாலை. ஒரு பக்கம் டெக்சஸ் மாநிலம், மறுபக்கம் ஆர்கன்சா மாநிலம். ஒரே கடைத்தெரு, கல்யாணம் காதுகுத்து எல்லாம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடக்கும் ஊர். ஆர்கன்சா பக்கம் தட்டம்மை ஊசி போட்டால்தான் பள்ளி. டெக்சஸ் பக்கம் அப்போது அப்படி இல்லை. 1970இல் தட்டம்மை வந்தது. 600 பேருக்கு மேல் படுத்தார்கள். அதில் 100க்கு 95க்கும் மேல் டெக்சஸ் பக்கம். காற்று ஒன்றுதான், தண்ணீர் ஒன்றுதான். வேறுபட்டது பள்ளி விதி.

இன்னொன்று அலாஸ்கா. விதி காகிதத்தில் இருந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. 1970களின் நடுவில் தட்டம்மை பரவியதும், அட்டை கொண்டுவராத பிள்ளைகள் வர வேண்டாம் என்று ஒருநாள் குறித்தார்கள். அந்த நாளில் 89,109 பிள்ளைகளில் 7,418 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு மாதம் கழித்து வெளியே நின்றவர்கள் 51க்கும் குறைவு. மற்றவர்கள் எல்லோரும் ஊசி போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்கள். அந்த 7,000 பேரின் பெற்றோர் எல்லோரும் ஊசிக்கு எதிரிகள் இல்லை என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இருந்தவர்கள்.

10 செப்டம்பர், இரவு

இதைப் படித்துவிட்டு ஒருவர் "இது சர்வாதிகாரம்" என்கிறார். பழைய வாதம் அது. 1905இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஜேக்கப்சன் என்ற பாதிரியார், பெரியம்மைக் குத்து வேண்டாம் என்று மறுத்ததற்கு விதித்த 5 டாலர் அபராதத்தை எதிர்த்து அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். தோற்றார். 1922இல் டெக்சஸில் சான் அன்டோனியோ நகரில் ஊசி போடாத ஒரு பெண்ணைப் பள்ளியில் சேர்க்கவில்லை, அந்த வழக்கும் தோற்றது. அங்கே பள்ளிக் கட்டாயத்துக்கு வயது 100க்கு மேல்.

நம் நாட்டில் 2022 மே 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கொரோனா ஊசி வழக்கில் யாரையும் வலுக்கட்டாயமாக ஊசி போட்டுக்கொள்ளச் செய்ய முடியாது என்று சொன்னது. உடம்பின் மீதான உரிமை 21ஆம் பிரிவில் அடங்கும் என்றது. பொது நலத்துக்காக அளவான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. இரண்டு பக்கத்தவரும் தனக்கு வேண்டிய பாதியை மட்டும் இங்கே ஒட்டுகிறார்கள். முழுவதும் படியுங்கள்.

14 செப்டம்பர், ஞாயிறு

2017இல் எங்கள் பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். எழுதுகிறேன், நீளும்.

2017 பிப்ரவரி. தட்டம்மை ருபெல்லா ஊசி இயக்கம். தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு என்று முதல் கட்டம். 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும், முன்பு போட்டிருந்தாலும் இன்னொரு முறை. தமிழ்நாட்டில் மட்டும் 1 கோடியே 76 லட்சம் பிள்ளைகள் இலக்கு. பெரும்பாலும் பள்ளியிலேயே போட வேண்டும்.

இயக்கம் தொடங்குவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்துவிட்டது. யார் பேசினார்கள் என்று இன்றுவரை தெரியாது. இந்த ஊசி வெளிநாட்டு வியாபாரம், பிள்ளைக்குப் பின்னால் பிள்ளை பிறக்காது, மூளை வளராது என்று. எங்கள் ஊரில் ஒரே நாளில் வீடு வீடாகப் போனது. நாங்கள் கொடுத்த தகவல் காகிதம் ஒரு பக்கம். அதில் "பாதுகாப்பானது" என்று இருந்தது. ஏன் பாதுகாப்பானது, ஏற்கெனவே போட்ட பிள்ளைக்கு ஏன் மறுபடியும், யாரிடம் கேட்பது என்று ஒரு வரி இல்லை. குரல் பதிவில் ஒரு மனிதர் அழுகிற மாதிரி பேசுகிறார். எதை நம்புவார்கள்?

முதல் நாள் என் வகுப்பில் 38 பேரில் 14 பேர்தான் வந்தார்கள். வாசலில் ஏழெட்டு அப்பாக்கள். "டீச்சர், எம் புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்க பொறுப்பா?" நான் தலைமையாசிரியரைப் பார்த்தேன், அவர் நர்சம்மாவைப் பார்த்தார். நர்சம்மாதான் முன்னால் வந்தார். கிராம சுகாதார செவிலியர், அந்த ஊரில் பாதிப் பிள்ளைகளின் பிறப்பைப் பதிவு செய்தவர். "உம் பொண்ணுக்கு மூணாம் மாசம் யார் ஊசி போட்டது? நான்தான். அப்ப கேட்டியா?" என்றார். பிறகு கீழே உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் விளக்கினார். குப்பியை எடுத்துக் காட்டினார். ஒருமுறை போட்டதும் பூட்டிக்கொள்ளும் ஊசியை இழுத்துக் காட்டினார். 9 மாதத்தில் போட்ட ஒரு ஊசி 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 15 பேரிடம் பிடிக்காமல் போகலாம், இது அவர்களுக்காக என்றார். போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார வைப்போம், ஒவ்வாமை வந்தால் அதற்கு மருந்து இந்தப் பெட்டியில் இருக்கிறது என்று பெட்டியைத் திறந்து வைத்தார். 4 அப்பாக்கள் பிள்ளையை அழைத்துவரப் போனார்கள். 3 பேர் போகவில்லை.

ஊசி போட்டதற்கு அடையாளமாக இடது கட்டைவிரலில் மை வைப்போம். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், "ஊசி தம்பிக்குப் போடுங்க, மை எனக்கு வைங்க" என்று வரிசையில் நின்றான். எல்லோரும் சிரித்துவிட்டோம். அன்று முழுக்க நாங்கள் சிரித்தது அப்போதுதான்.

இயக்கம் மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது. கடைசியில் என் வகுப்பில் 35 பேர் போட்டுக்கொண்டார்கள். எந்தச் சட்டமும் செய்யவில்லை அதை. அந்த அம்மா செய்தார்.

15 செப்டம்பர், அதிகாலை

தூக்கம் வரவில்லை. நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன், அதை விட்டுவிட்டு இங்கே சட்டம் பேசுவது சரியில்லை.

அந்த முதல் நாளில் என் சொந்தப் பெண்ணை நான் பள்ளிக்கு அனுப்பவில்லை. அவள் அப்போது வேறொரு பள்ளியில் ஆறாம் வகுப்பு. காய்ச்சல் என்று எழுதிக்கொடுத்தேன். காய்ச்சல் இல்லை. குரல் பதிவை என் கொழுந்தனார் முந்தின இரவு அனுப்பியிருந்தார். நான் நம்பினேன் என்றும் சொல்ல முடியாது. ஒருவேளை இருந்துவிட்டால் என்ற ஒரு நூல் பயம். காலையில் ஊரார் பிள்ளைகளுக்கு ஊசி போட வைத்துவிட்டு மாலையில் வீட்டுக்கு வந்து மை இல்லாத அவள் விரலைப் பார்த்தேன். 9 நாள் கழித்து நானே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய்ப் போட்டேன்.

பயப்படுகிறவர்களை முட்டாள்கள் என்று இங்கே எழுதுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். எனக்குப் பாடம் தெரியும், பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். அக்கா மகன் கதை என் வீட்டுக் கதை. அப்படியும் ஒரு குரல் பதிவு என்னை 9 நாள் நிறுத்திவைத்தது.

16 செப்டம்பர்

ஊசியால் ஆட்டிசம் வருமா என்று கேட்ட அம்மாவுக்கு. அந்தப் பேச்சைக் கிளப்பியது 1998இல் இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு என்ற மருத்துவர் 12 பிள்ளைகளை வைத்து ஒரு மருத்துவப் பத்திரிகையில் எழுதிய கட்டுரை. 2010இல் அந்தப் பத்திரிகையே அதைத் திரும்பப் பெற்றது. அதே வருடம் அவர் பெயரை மருத்துவர் பட்டியலிலிருந்தும் நீக்கினார்கள். டென்மார்க்கில் 6.5 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வருடக்கணக்கில் கவனித்து 2019இல் வெளியிட்டார்கள். ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இல்லை. பேச்சு வராதது பெற்றோர் கண்ணில் படும் வயதும் இரண்டாவது ஊசி போடும் வயதும் ஒன்றாக இருக்கிறது. அதனால் தாய் மனம் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறது. உங்கள் மேல் தவறில்லை அம்மா. உங்கள் பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள்.

21 செப்டம்பர், ஞாயிறு

பயம் எங்கள் மாவட்டத்தில் வானத்திலிருந்து விழவில்லை. இதைச் சொல்லாமல் 2017ஐப் புரிந்துகொள்ள முடியாது.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட 4 கைக்குழந்தைகள் இறந்துபோயின. அப்போது எனக்கு வேலைக்கு வந்து 7 வருடம். பக்கத்து ஊர்களில் பல மாதம் தாய்மார்கள் நர்சம்மாவைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். அதற்குப் பிறகு அரசு ஊருக்குள் வந்து ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டும் போடச் சொன்னது. பாதுகாப்புக்கு அது சரியான முடிவாகத்தான் தெரிந்தது. ஆனால் கூலி வேலைக்குப் போகிற தாய்க்கு அது ஒருநாள் கூலி, ஒரு பேருந்து, கைக்குழந்தையோடு வரிசை.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் எல்லா ஊசியும் போட்ட குழந்தைகள் 2005-06இல் 100க்கு ஏறத்தாழ 81. 2015-16இல் 70க்கும் சற்றுக் குறைவு. பிறகு 2019-21இல் 89. நடுவில் விழுந்ததற்குப் பல காரணம் இருக்கலாம். ஊசி ஊரை விட்டுத் தள்ளிப்போனது அதில் பெரிய காரணம் என்பது நான் கண்ணால் பார்த்து வந்த முடிவு.

அப்படியானால் அந்த 10 வருடத்தில் ஊசி தவறிய பிள்ளைகளுக்கு, சட்டம் இருந்திருந்தால், பள்ளிக் கதவும் மூடியிருக்கும். 7ஆம் தேதி நான் எழுதியது இப்போது எனக்கு உறுத்துகிறது.

28 செப்டம்பர்

காலாண்டு விடுமுறை. நேரம் இருக்கிறது, எழுத மனம்தான் வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

செங்குன்றத்துக்கு வடக்கே செங்கல் சூளைகள் அதிகம். பொங்கலையொட்டி ஒடிசாவிலிருந்து, அதிலும் பலாங்கீர் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். மழைக்கு முன்னால் ஜூன் வாக்கில் திரும்புவார்கள். கொரோனாவுக்கு முந்தின ஒரு வருடம். பிப்ரவரியில் ஒரு தாய் மூன்று பிள்ளைகளோடு பள்ளி வாசலில் நின்றாள். பெரியவளுக்கு 7 வயது, கையில் ஒரு பழைய நோட்டு. அடுத்தவனுக்கு 4. இடுப்பில் ஒன்று. பெரியவளைச் சேர்க்க வேண்டும் என்பது சைகையில் புரிந்தது.

தலைமையாசிரியர் விடுப்பு. பொறுப்பு என்னிடம். அந்த மாதம்தான் மேலே இருந்து ஆவணங்களைச் சரியாக வைக்கச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்தார்கள். நான் "கார்டு" என்றேன். அவள் ஆதார் அட்டையை நீட்டினாள். நான் புஜத்தைத் தொட்டு ஊசி போடுகிற மாதிரி காட்டி, "இந்த கார்டு" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். எடுத்துக்கொண்டு வா என்று கையைக் காட்டினேன். கோபமாகச் சொல்லவில்லை. நன்றாகச் சிரித்துத்தான் சொன்னேன். அவர்கள் போய்விட்டார்கள். மறுபடி வரவில்லை.

ஒரு மாதம் கழித்துச் சூளையில் தட்டம்மை. சுகாதாரத் துறைக் குழு போனபோது கூடப் போனேன், பிள்ளைகள் கணக்கெடுக்க. அந்தத் தாயைப் பார்த்தேன். பெரியவளும் கைக்குழந்தையும் தேறிக்கொண்டிருந்தார்கள். நான்கு வயதுப் பையனுக்கு ஒரு கண்ணில் பூ விழுந்துவிட்டது. சத்துக் குறைந்த பிள்ளைக்குத் தட்டம்மை வந்தால் உடம்பில் இருக்கிற கொஞ்சம் வைட்டமின் ஏ-வும் தீர்ந்துபோய்க் கருவிழி புண்ணாகும் என்று அங்கே மருத்துவர் சொன்னார். ஒரு குப்பி வைட்டமின் சொட்டுமருந்து, ஓர் ஊசி. இரண்டும் எங்கள் பள்ளியிலிருந்து 3 கிலோமீட்டரில் இருந்தன.

அன்று நான் அந்தப் பெண்ணை உள்ளே உட்கார வைத்திருந்தால் அவள் பெயர் பதிவேட்டில் ஏறியிருக்கும். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு அடுத்த முறை வரும்போது கேட்டிருக்கும். தம்பி உண்டா, தங்கை உண்டா என்று நானே கேட்டிருப்பேன். நர்சம்மாவுக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். நான் அட்டை கேட்டேன்.

2 அக்டோபர்

"நீங்கள் அக்கா மகன் கதையும் சொல்கிறீர்கள், சூளைக் கதையும் சொல்கிறீர்கள், எந்தப் பக்கம்?" என்று கேள்வி கேட்ட தம்பியே திரும்பக் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

அக்கா மகன் வகுப்பில் ஊசி போடாத பிள்ளை, வேண்டாம் என்று வீட்டில் முடிவெடுத்த பிள்ளை. சூளைப் பிள்ளை, ஊசி போய்ச் சேராத பிள்ளை. அட்டையில் இரண்டும் ஒரே வெற்றுக் கட்டம்தான். ஒரே சட்டத்தால் இரண்டையும் அடித்தால் முதல் வீட்டுக்கு வழக்கறிஞர் கிடைப்பார், தனியார் ஆசிரியர் கிடைப்பார். இரண்டாம் வீட்டுக்குச் சூளைதான்.

இதுவும் யோசியுங்கள். தட்டம்மை அதிகம் கொல்வது 5 வயதுக்குக் கீழே. நம் அட்டவணைப்படி முதல் ஊசி 9 மாதத்தில், இரண்டாவது ஒன்றரை வயதையொட்டி. பள்ளிக் கதவில் 5 வயதில் நின்று சோதிப்பது, பேருந்து போன பிறகு டிக்கெட் கேட்கிற மாதிரி. சோதிக்க வேண்டிய இடம் அங்கன்வாடி. அதுவும் பிள்ளையைத் திருப்பி அனுப்ப அல்ல.

5 அக்டோபர்

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்துச் சான் ஹோசேயில் இருக்கும் நம் ஊர்த் தம்பி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார், அவர் மகள் அங்கே பள்ளியில் சேர்ந்த கதை. ஊசிப் பதிவேடு முழுமையாக இல்லாமல் கிண்டர்கார்டன் வாசலையே தாண்ட முடியவில்லையாம், இங்கே பிறந்த பிள்ளை என்பதால் ஊரிலிருந்து அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாராம்.

கலிபோர்னியாக் கதையை நான் கொஞ்சம் படித்திருக்கிறேன். 2014 டிசம்பரில் டிஸ்னிலாந்தில் தட்டம்மை பரவியது. அதுவரை அங்கே "எனக்கு நம்பிக்கை இல்லை" என்று கையெழுத்துப் போட்டால் விலக்கு உண்டு. 2015இல் அந்த விலக்கை எடுத்தார்கள். மசோதாவைக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான ரிச்சர்டு பேன் குழந்தை மருத்துவர். அதற்குப் பிறகு எல்லா ஊசியும் போட்ட கிண்டர்கார்டன் பிள்ளைகள் 92.8லிருந்து ஒரே வருடத்தில் 95.6 சதவீதம் ஆனார்கள். முன்பு சொன்ன 95ஐத் தாண்டியது. பிறகு மருத்துவக் காரணம் என்று சான்று வாங்குகிறவர்கள் கூடினார்கள், 2019இல் அதையும் இறுக்கினார்கள். வீட்டிலேயே படிக்க வைப்பவர்களுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது.

அங்கே அந்தச் சட்டம் சரி என்றுதான் சொல்வேன். பலர் விரும்பித் தவிர்த்தார்கள், வசதி இருந்தும் தவிர்த்தார்கள். தளர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த வருட டெக்சஸ் இருக்கிறது. ஊசி போடாதவர்கள் நிறைந்த கெய்ன்ஸ் கவுண்டியில் தொடங்கி 762 பேருக்குத் தட்டம்மை, பள்ளி வயதுப் பிள்ளைகள் இருவர் சாவு. டெக்சஸில் விதி இருக்கிறது, மனசாட்சி விலக்கும் இருக்கிறது. ஃபுளோரிடா அறிவிப்பைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

5 அக்டோபர், சற்று நேரத்தில்

வாக்கியத்தைத் திருத்துகிறேன். "இங்கே பிறந்த பிள்ளை" என்றால் தமிழ்நாட்டில் பிறந்த பிள்ளை. தம்பி கேட்டதால்.

9 அக்டோபர்

விலகிப் போகிறது பேச்சு, பரவாயில்லை. அம்மை வந்தால் வேப்பிலை செருகி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள் எப்படி ஊசி போடுவார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். என் அம்மா இரண்டும் செய்தவர். அந்தக் காலத்தில் அம்மை குத்துகிறவர் வந்தால் முதலில் எங்களைத்தான் நிறுத்துவார். எங்கள் தலைமுறையின் கையில் அந்த வட்டத் தழும்பு இன்னும் இருக்கிறது. வீட்டில் மணல்வாரி, அதாவது தட்டம்மை, வந்தால் வேப்பிலையும் கட்டுவார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை உள்ளே விடமாட்டார். நோயாளியைத் தனியே வைப்பதைச் சாமி பெயரால் கண்டிப்பாகச் செய்தவர்கள் அவர்கள். ஊசியை எதிர்த்து அந்தக் குரல் பதிவை அனுப்பியவர்களில் கூழ் ஊற்றுகிறவர்களை நான் பார்க்கவில்லை. கையில் நல்ல போன் வைத்திருந்தவர்களைத்தான் பார்த்தேன்.

10 அக்டோபர்

ருபெல்லாவை நாம் யாருமே பேசவில்லை. பிள்ளைக்கு அது லேசான காய்ச்சல், தடிப்பு. கர்ப்பிணிக்கு முதல் மூன்று மாதத்தில் வந்தால் வயிற்றுக் குழந்தையின் கண், காது, இதயம். 1941இல் சிட்னியில் கிரெக் என்ற கண் மருத்துவர்தான் பிறவிக் கண்புரையோடு வந்த குழந்தைகளின் தாய்மாரிடம் கேட்டுக் கேட்டு இதைக் கண்டுபிடித்தார். பள்ளியில் வேலை பார்ப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். கர்ப்பத்தோடு நாற்பது பிள்ளைகளின் மூச்சுக் காற்றில் நிற்கிறோம். ஊசி பிள்ளைக்கு மட்டும் என்று நினைப்பவர்கள், அந்தப் பிள்ளையின் டீச்சரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

12 அக்டோபர், ஞாயிறு

சம்மதம் பற்றி. 2019 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் பள்ளிகளில் இதே தட்டம்மை ருபெல்லா இயக்கத்தைப் பெற்றோர் சம்மதம் கேட்காமல் நடத்தக் கூடாது என்று நிறுத்திவைத்தது. அப்போது எனக்குக் கோபம் வந்தது. சம்மதம் கேட்டால் பாதிப் பேர் மாட்டேன் என்பார்களே என்று. இப்போது நினைத்தால், 2017இல் எங்கள் வாசலில் நர்சம்மா உட்கார்ந்து செய்தது சம்மதம் வாங்கும் வேலைதான். கையெழுத்து வாங்கவில்லை, அவ்வளவுதான். 7 பேரில் 4 பேரைச் சம்மதிக்க வைத்தார். அந்த வேலைக்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். எங்கள் நர்சம்மாவின் பொறுப்பில் எத்தனை கிராமம் என்று போய்ப் பாருங்கள். சட்டம் கேட்கிற நாம் இன்னொரு நர்சம்மா வேண்டும் என்று ஒருமுறையாவது மனு கொடுத்திருக்கிறோமா? நான் கொடுத்ததில்லை.

12 அக்டோபர், இரவு

கேள்வி கேட்ட தம்பிக்கு நேரடியாக, என் கடைசி நிலை. முதல் நாள் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன்.

சேர்க்கையின்போது அட்டை கேட்பது கட்டாயமாக இருக்கட்டும். ஒவ்வொரு பள்ளியும், தனியார் பள்ளியும் சேர்த்து. அட்டை இல்லாத பிள்ளையை அன்றைக்கே சேர்த்துக்கொள்ள வேண்டும், அன்றைக்கே சுகாதார நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும். பிள்ளை விவரம் எல்லாம்தான் எமிஸில், அதாவது கல்வித் துறையின் கணினிப் பதிவேட்டில், ஏற்றுகிறோமே, ஊசியும் அதில் ஒரு கட்டமாக இருக்கலாம். 5 வயதில் போட வேண்டிய முத்தடுப்பு ஊசி எப்படியும் அந்த நேரத்தில்தான் வருகிறது. வேண்டாம் என்கிற வீட்டுக்கு ஒருவர் போய் உட்கார்ந்து பேச வேண்டும். நோய் பரவும் நாட்களில் மட்டும், ஊசி போடாத பிள்ளையைச் சில வாரம் வீட்டில் இருக்கச் சொல்லலாம், அதற்கு அலாஸ்கா மாதிரி ஒரு விதி எனக்குச் சம்மதம். புற்றுநோய்க்குக் கீமோ மருந்து எடுக்கும் பிள்ளை படிக்கும் வகுப்பிலும் அப்படியே. அந்தப் பிள்ளையின் தாய்க்கு, வகுப்பில் எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள் என்ற எண்ணைச் சொல்ல வேண்டும். யார் போடவில்லை என்ற பெயர் வேண்டாம்.

உங்கள் உரிமையைக் கேட்டீர்கள் தம்பி. எண்ணைக் கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள். 95 இல்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுந்து நின்று கேளுங்கள்.

14 அக்டோபர், செவ்வாய்

அக்காவிடம் இதையெல்லாம் படித்துக்காட்டினேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். சூளைப் பையனுக்கு இப்போது எத்தனை வயசிருக்கும் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பத்து, பதினொன்று இருக்கும்.

இந்த வருடம் சேர்க்கைப் பதிவேட்டில் அட்டை என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு "வீட்டில் வேறு குழந்தைகள்" என்று எழுதி வைத்திருக்கிறேன். ஜூன் முதல் 6 பிள்ளைகள் அட்டை இல்லாமல் சேர்ந்தார்கள். 4 பேருக்கு முடிந்தது. மீதி இரண்டு பேர் அக்கா தங்கை, பீகார்க் குடும்பம், அப்பா கம்பி கட்டும் வேலை. வீட்டில் 11 மாதத்தில் ஒரு தம்பி. நாளை புதன், ஊசி நாள். மூன்றையும் அழைத்துக்கொண்டு காலை 10 மணிக்குச் சுகாதார நிலையத்துக்கு வருவதாக அம்மா சொல்லியிருக்கிறாள். எனக்கு முதல் பாடவேளை இல்லை. நானும் போகிறேன்.